நூற்றுப்பதினேழாம் விரல்

“அப்போ அது நம்ம விரலை போட்டோ புடிச்சி வெச்சிக்காதா?” என்று அனுசுயா கேட்டாள்.

முகமது இஸ்மாயில் சுவரில் கருவியை மாட்டி, கடைசித் திருகாணியை முடுக்கிவிட்டுத் திரும்பினான். “போட்டோல்லாம் இல்லக்கா. ரேகை எங்க முடியுது, எங்க ரெண்டா பிரியுது, அத மட்டும் கணக்கு பண்ணி நம்பரா மாத்தி வெச்சிக்கும். மறுநாள் நீங்க விரல் வெச்சா மறுபடி கணக்கு பண்ணும். ரெண்டும் எவ்ளோ ஒத்துப்போவுதுன்னு பார்த்து மார்க்கு போடும்.”

“நூத்துக்கு நூறா?”

“யாருக்குமே நூறு வராது. ஈரம், அழுக்கு, சாய்ச்சி வெக்கிறது... உங்க விரலுக்கே நாளைக்கு எண்பதுதான் வரும். அதனாலதான் பாஸ் மார்க்குன்னு ஒண்ணு கீது. இங்க பாருங்க, அம்பத்தஞ்சு. அதுக்கு மேல வாங்குனா கதவு தொறக்கும்.”

“அத மாத்த முடியுமா?”

இஸ்மாயிலின் கை ஒரு கணம் நின்றது. “முடியும். ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாவே மாத்தலாம். ஆனா மாத்தாதீங்கக்கா. ஏத்தினா நம்ம ஆளே வெளிய நிப்பான். எறக்கினா யாரு வேணா உள்ள வருவான்.”

இரண்டு வருடத்துக்கு முந்தைய பேச்சு அது. அவன் போனதும் மறந்துபோன பேச்சு. இந்த வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் அந்த முலாம் பூசும் கம்பெனியின் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசில், கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அனுசுயாவுக்கு அதன் ஒவ்வொரு சொல்லும் திரும்பி வந்தது. கழுத்துக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஸ்டோர் சாவித்திரி அக்கா வெளிறிய முகத்தோடு மேனேஜர் அறைக்குள் போனாள். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு அவள் எண்ணிக் கையெழுத்துப் போட்டபோது சயனைடு டப்பா பன்னிரண்டு இருந்தது. வியாழக்கிழமை மாதாந்திர மின்தடை, கம்பெனி விடுமுறை. இன்று காலையில் பதினொன்று. பிளேட்டிங் தொட்டியில் கலக்கிற சரக்கு அது. முன்பெல்லாம் அது இரட்டைப் பூட்டுப் போட்ட பீரோவில் இருக்கும், சாவியை சாவித்திரி அக்கா இடுப்பில் செருகிக்கொண்டுதான் வீட்டுக்கே போவாள். ஸ்டோருக்கு விரல் வைத்துத் திறக்கிற கதவு வந்த பிறகு அந்தப் பயம் எல்லோருக்கும் விட்டுப்போயிற்று. ஐந்து பேரைத் தவிர யாருக்கும் திறக்காத கதவு என்று ஆனதும், பீரோ சாவி உள்ளேயே ஓர் ஆணியில் தொங்க ஆரம்பித்தது.

“யாருக்கும் சொல்லாதம்மா,” என்று மேனேஜர் ராஜசேகரன் அனுசுயாவின் மேசைக்கே வந்து குனிந்து சொன்னார். “எண்ணுனதுல தப்பா இருந்தாலும் இருக்கும், அந்தம்மாவ மறுபடி எண்ணச் சொல்லியிருக்கேன். நீ அதுக்குள்ள புதன்கிழமை அஞ்சு மணிக்கு மேல ஸ்டோர் கதவ யார் யார் தொறந்தாங்கன்னு லிஸ்ட் எடு.”

லிஸ்ட் எடுக்க அரை நிமிடம் ஆகாது. எடுத்துவிட்டாள். ஒரே ஒரு வரிதான் வந்தது. புதன், மாலை 5.52. எண் நூற்றுப்பதினேழு. பெயர், வெற்றிச்செல்வன்.

அவள் புருஷன்.

“சார், சிஸ்டம் ஹேங் ஆவுது,” என்று அனுசுயா திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “மத்தியானத்துக்குள்ள எடுத்துத் தரேன் சார்.” பதினாலு வருட உத்தியோகத்தில் ராஜசேகரனிடம் அவள் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பினார். அவளை நம்பாமல் அந்தக் கம்பெனியில் யாருக்கும் ஒரு நாள் சம்பளம்கூடப் போட முடியாது.

வெற்றிச்செல்வனை அவள் முதலில் பார்த்தது முதுகுப்பக்கமாகத்தான். சேக்காட்டிலிருந்து ஆவடிக்கு நடந்து வந்து, அம்பத்தூர் ஓ.டி.க்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறிக் கல்லூரிக்குப் போன காலம். பத்துப் பேரை அடைத்துக்கொண்டு போகிற வண்டியில், அவளுக்கென்று ஜன்னலோர இடத்தில் ஒரு துண்டைப் போட்டு வைத்திருப்பான். “அதுக்கு ஆளு வருது மாமே, பின்னால குந்து,” என்று தினமும் யாரையாவது எழுப்பிவிடுவான். அவள் ஏறியதும் கண்ணாடியைச் சரிசெய்வான். அந்தச் சின்னக் கண்ணாடியில் இரண்டு வருடம் காதலித்தார்கள். அவள் அப்பா கடைசியில் ஒத்துக்கொண்டபோது ஒரு நிபந்தனை வைத்தார். ஆட்டோக்காரனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன், கம்பெனி வேலையில் இருக்கட்டும். வெள்ளானூரில் ஊரான் வயலில் நாற்று நட்ட குடும்பத்தின் பையன் அவன். வண்டி அவன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அனுசுயா கேட்டாள் என்பதற்காக விற்றான். அவளே மேனேஜரிடம் பேசி, அவளே கையைப் பிடித்துக் கூட்டிவந்து பிளேட்டிங் பிரிவில் சேர்த்துவிட்டாள். இருவரும் ஒரே வண்டியில் வேலைக்கு வருவது அவளுக்கு அன்றைக்கும் இன்றைக்கும் பெருமை.

பதினோரு வருடம் தொட்டியில் கம்பிகளை முக்கி எடுத்த கைகள் எப்படி இருக்கும் என்பதை ராத்திரி சோறு பிசையும்போது அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கையுறை போட்டாலும் ஓரத்தில் இறங்கிவிடும் ரசாயனம், தோலை முதலில் வெளுக்க வைத்தது, பிறகு உரித்தது, பிறகு வழவழப்பாக்கியது. கருவி வந்த முதல் வாரமே அவன் விரல் எடுபடவில்லை. வாசலில் நாற்பது பேர் பின்னால் நிற்க, கருவிக்குள் இருந்த பெண்குரல் ஆங்கிலத்தில் மறுபடி முயற்சி செய்யச் சொன்னது. மறுபடி. மறுபடி. “இன்னா அண்ணாத்தே, உன் விரலு போலியா?” என்று யாரோ கேட்க, வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். எட்டாம் நாள் அவன் சிரிக்கவில்லை. விரல் பதியாத நாள் எல்லாம் ஆள் வராத நாள் என்று கம்பெனி சுற்றறிக்கை ஒட்டியிருந்தது.

அன்று சாயந்திரம் எல்லோரும் போன பிறகு அனுசுயா நூற்றுப்பதினேழாம் எண்ணைத் திறந்து, ஐம்பத்தைந்தை அழித்து, நாற்பது என்று போட்டாள். அது போதவில்லை. அடுத்த மாதம் முப்பது. போன வருடம் இருபது. முதல்முறை நாற்பது போட்ட மறுநாள் காலை அவன் விரலை வைத்ததும் அந்தப் பெண்குரல் “தேங்க் யூ” என்றது. அவன் திரும்பி டைம் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தான். பழைய ஆட்டோக் கண்ணாடியில் பார்த்த மாதிரியே இருந்தது அந்தப் பார்வை. இவ்வளவு சின்ன வேலைக்கா பயந்தோம் என்று அனுசுயாவுக்குத் தோன்றியது.

வாசலுக்கு மாற்றிய எண்தான், ஐந்து பேரில் ஒருவனாக அவனும் விரல் பதிந்திருந்த ஸ்டோர் கதவுக்கும் போகும் என்று அப்போது அவள் யோசிக்கவே இல்லை.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் கழிப்பறைப் பக்கம் போய் இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள். அவன் பூந்தமல்லியில் ஏதோ ஒரு குடியிருப்பில் கதவு மாட்டிக்கொண்டிருந்தான்.

“எவ்ளோக்கு எறக்கினீங்கக்கா? கோச்சிக்காம சொல்லுங்க.”

“இருபது.”

போனில் துளைக்கிற மெஷின் சத்தம் நின்றது. “இருபதுன்னா ரோட்ல போறவன் நாலு தடவ மாத்தி மாத்தி வெச்சா ஒருவாட்டி தொறந்துக்கும்க்கா. வாசல்ல எல்லாருக்கும் அவங்கவங்க விரல் பதிஞ்சிருக்கு, அதுங்களோடதான் நல்லா ஒத்துப்போவும், அதனால தெரியல. ஸ்டோர்ல அஞ்சு பேர்தான். புதுசா ஒருத்தன் வெச்சா அஞ்சுல எது கிட்ட வருதோ அதுன்னு எடுத்துக்கும்.”

“அப்ப உள்ள போனது இவரா வேற ஆளான்னு எப்படிப் பாக்கறது?”

“மார்க்கு பதிவாகியிருக்கும். அந்த வரிய அமுக்குங்க. அண்ணனுக்கு எப்பவும் வர்ற மார்க்கு என்னா, அன்னிக்கு வந்தது என்னா, பக்கத்துல வெச்சிப் பாருங்க.”

ஓடிவந்து பார்த்தாள். புதன்கிழமை 5.52-க்கு மதிப்பெண் இருபத்து நான்கு. அதற்கு முன்னால் நான்கு முறை தோல்வி. சரி, யாரோ திருட்டுத்தனமாக முயன்றிருக்கிறார்கள் என்று நெஞ்சுப் பாரம் ஒரு நொடி இறங்கியது. பிறகு வாசல் பதிவில் வெற்றியின் எண்களைப் பார்த்தாள். இருபத்திரண்டு. இருபத்தேழு. இருபத்து நான்கு. மூன்று தோல்விக்குப் பிறகு இருபத்தொன்று. ஐந்து தோல்விக்குப் பிறகு முப்பது. அவள் திரையை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தன் சொந்தப் பெயரிலேயே அவன் ஓர் அந்நியன் வாங்குகிற மதிப்பெண்ணைத்தான் வாங்கிக்கொண்டிருந்தான். அவனுக்காக அவள் திறந்து வைத்த இடத்தில் அவனையும் மற்றவனையும் பிரித்துச் சொல்ல எதுவுமே இல்லை.

இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்க முடியும். அவனைத் தவிர வேறு யாரோ உள்ளே போயிருந்தால், இந்த நூற்று நாற்பது பேரில் ஒருவரிடம் விஷம் இருக்கிறது, அதை எடுத்துக் கொடுத்தது அனுசுயா. அவனே போயிருந்தால்... அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை. யோசிக்காமல் இருக்கவும் முடியவில்லை. புதன்கிழமை அவள் மகள் நிஷாவின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்காக மூன்று மணிக்கே கிளம்பிவிட்டாள். அவன் வீட்டுக்கு வரும்போது எட்டரை. ஏன் லேட்டு என்றதற்கு “டிராஃபிக்” என்றான். கையில் ஒரு கறுப்பு கவர் இருந்தது. அதைப் பரண்மேல் போட்டான். அவள் கேட்கவில்லை. கேட்டாலும் பதில் வராத ஆளாக அவன் மாறி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. சூடான டம்ளரைப் பிடித்தால் சூடு தெரியவில்லை என்றான் ஒரு நாள். அவன் விரலுக்கு அவன் போனே திறக்கவில்லை. ரேஷன் கடையில் அவளைத்தான் வரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்ல அவன் எதையும் கேட்பதையே விட்டுவிட்டான். குழம்பில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதில்லை. வைத்ததைச் சாப்பிட்டு, கையைக் கழுவி, அந்தக் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். களைப்பு என்று அவளாக நினைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு டீ வந்தது. பெரிய அலுமினிய டிரம்மில், எப்போதும்போல, கொட்டகையின் மூலையில் யாரும் பார்த்துக்கொள்ளாமல் இருந்தது. ஒவ்வொருவராக வந்து குழாயைத் திருகிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அனுசுயா தன் டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நூற்று நாற்பது டம்ளர்கள். பிளேட்டிங்கில் இருக்கும் பாபு ஊதி ஊதிக் குடித்தான். பேக்கிங்கில் இருக்கும் ராணி, ஒரே டம்ளரை ஆற்றி இன்னொருத்திக்குப் பாதி ஊற்றினாள். இப்போதே ஓடிப்போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். அவள் எழுந்தாள். வரிசையின் கடைசியில் வெற்றிச்செல்வன் நின்றிருந்தான். டீயைப் பிடித்தான், குடிக்கவில்லை, கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுச் சாக்கடையில் ஊற்றினான். அனுசுயா உட்கார்ந்துவிட்டாள். அவர்தான் என்றால்? கேட்காமல் போலீஸ் கையில் கொடுப்பதா? ஒரு தடவை நேராகக் கேட்டுவிட வேண்டும். அதுவரைக்கும் கடவுளே, அந்த டிரம்மில் எதுவும் இருக்கக் கூடாது.

நாலரைக்கு நிஷா போன் செய்தாள். “ம்மா, ஜாமெட்ரி பாக்ஸ் பரண்மேல கீதா? நான் ஸ்டூல் போட்டு ஏறட்டா?”

“ஏறாத!” அனுசுயா போட்ட சத்தத்தில் எதிர் மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “பரண்கிட்டயே போவாத கண்ணு. பக்கத்து ஊட்டு ஜெயப்பிரியா அக்காகிட்ட போய் குந்து. நாங்க வர்ற வரைக்கும் எதையும் தொடாத, எதையும் துன்னாத. புரியுதா?”

“இன்னாத்துக்கு?”

“சொன்னா கேளு.”

ஐந்து மணிக்கு ராஜசேகரன் வந்தபோது அவர் முகமே சரியில்லை. சாவித்திரி அக்கா மூன்று முறை பீரோவைக் காலிசெய்து எண்ணிவிட்டாள், மூன்று முறையும் பதினொன்று. “சிஸ்டம் சரியாச்சா?” என்றார். அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். “காலையில எட்டு மணிக்கு அது என் டேபிள்ல இருக்கணும். அதுக்கு மேல மறைக்க முடியாது,” என்றார். தன்னைத்தான் சொல்கிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் போலீசை நினைத்துச் சொல்லியிருந்தார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஓ.டி. சிக்னலில் நிற்கும்போது பைக்குள் கைவிட்டுத் துழாவினாள். டிபன் பாக்ஸ், கைத்துண்டு, தண்ணீர் பாட்டில். பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். கண்ணாடியில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னா தேடுற?”

“ஒண்ணுமில்ல மாமா.”

ஆவடி தாண்டி, வெள்ளானூர் போகிற சாலையில், அரைகுறையாக நிற்கும் அடுக்குமாடிகளின் பக்கம் வந்ததும் “வண்டிய நிறுத்துங்க,” என்றாள். அவன் ஓரம் கட்டினான். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. சிமெண்ட் லாரி ஒன்று இருவர் மேலும் தூசியை வாரி இறைத்துவிட்டுப் போனது.

“புதன்கிழம ஆறு மணிக்கு எங்க இருந்தீங்க?”

“ஏன்?”

“எங்க இருந்தீங்கன்னு சொல்லுங்க மாமா. ஸ்டோர்ல சயனைடு டப்பா ஒண்ணு காணோம். அஞ்சு அம்பத்திரண்டுக்கு உங்க விரலுக்குக் கதவு தொறந்திருக்கு.”

ஹெல்மெட்டைக் கழற்றிப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்தாள். அதில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

“அத நான் எடுத்தேன்னா?” என்று கேட்டான் கடைசியில். “யாருக்குக் குடுக்கவாம்? எனக்கா?”

“அப்படிச் சொல்லாதீங்க.”

“நீ அதத்தானே நெனச்ச. பாட்டில மோந்து பாக்குற.” அவன் குரல் தாழ்ந்தே இருந்தது. “ஆவடில இருந்தேன். ஆட்டோ ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல டெய்லர் கடையில. ஏழு மணிக்கு மேலதான் தச்சு முடிச்சான். பரண்ல கவர் கீதே, அதுல ஒரு காக்கிச் சட்டை. போய் பிரிச்சிப் பாரு.”

“காக்கிச் சட்டையா? எதுக்கு?”

அவன் ரோட்டில் போன ஷேர் ஆட்டோவைப் பார்த்தான். அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டாள். நம்பினாளா என்றால், நம்பினாள். ஆதாரம் ஒன்றும் இல்லை. முப்பத்தாறு வயதுக்குள் அவள் எந்த ஆதாரத்தையும் பார்த்து இந்த மனுஷனை நம்பியதில்லை. ஆனால் நம்பிய அடுத்த நொடியே மற்றது வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. அவன் இல்லையென்றால் வேறு யாரோ. புதன் ராத்திரியிலிருந்து.

“ஒரு தப்பு பண்ணிட்டேன் மாமா,” என்றாள். “மெஷின்ல உங்க நம்பர...”

“தெரியும்.”

“எப்படி?”

“ஒண்ணுமேயில்லாத விரல வெச்சா அது தேங்க் யூங்குது. எனக்குத் தெரியாதா அது உன் வேலைன்னு?” அவன் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. “சாருக்கு போன் போடு அனு. இப்பவே போடு.”

போட்டாள். விரல் இரண்டு முறை வழுக்கியது. நாற்பது, முப்பது, இருபது என்று எல்லாவற்றையும் சொன்னாள். காலையிலேயே லிஸ்ட் வந்துவிட்டது, மறைத்தேன் என்பதையும் சொன்னாள். அவள் முடித்த பிறகு ராஜசேகரன் மெதுவாகக் கேட்டார்.

“அப்போ அது யாருகிட்ட இருக்கு?”

“தெரியல சார்.”

“யாரு வெச்சாலும் தொறந்திருக்குமா?”

“யாரு வெச்சாலும் சார்.”

“ஒரு நாள் பூரா வெச்சிருந்தியேம்மா,” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். “நான் இப்ப ஸ்டேஷனுக்குப் போறேன். ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க.”

ஜெயப்பிரியாவுக்குப் போன் செய்து நிஷாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வேலை போய்விடும், கேஸ் வரும், அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்றெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றியது. எதுவும் நிற்கவில்லை. அந்த டப்பா இப்போது யாருடைய வீட்டில், எந்த அரிசி டின்னுக்குப் பின்னால் இருக்கிறது என்பது மட்டுமே நின்றது.

கம்பெனி பஸ் ஒன்று அவர்களைக் கடந்து போனது. அவர்களுடைய ஷிப்ட் ஆட்கள்தான். கூட்டம் நெருக்கியடித்து நின்றது. உள்ளே விளக்கு இல்லாததால் முகம் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னல் கம்பிகளைப் பிடித்திருந்த கைகள் மட்டும் தெரிந்தன, வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக. அதில் ஒரு கை அவர்களைப் பார்த்து அசைந்தது. யாருடையது என்று தெரியாமலே அனுசுயாவும் கையைத் தூக்கினாள்.

வெற்றிச்செல்வன் வண்டியை ஆவடிப் பக்கம் திருப்பி நிறுத்தினான். கிளப்பவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு குனிந்திருந்தான்.

“ஏறட்டா மாமா?”

“இரு.” அவன் நிமிர்ந்தான். “ஒண்ணு கேக்கணும் அனு. பதினோரு வருசமா வாயில கீது. நீதானே என்னைய கையப் புடிச்சி அங்க இட்டுக்கினு போன. நீயே என்னைய வெளிய இட்டுக்கினு வந்துடு.”